எங்கள் தெரு எந்த வார்டு?

தொகுதி மறுவரையறை வந்தால் மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள் நிலைக்குமா, குறையுமா என்று டீக்கடையிலிருந்து தலைமைச் செயலகம்வரை பேசியாகிவிட்டது. 2025 மார்ச் 5ஆம் தேதி அனைத்துக் கட்சிக் கூட்டம், அதே மாதம் 22ஆம் தேதி பிற மாநிலத் தலைவர்களையும் சென்னைக்கு அழைத்துக் கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டம். பேச வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நகராட்சியில் பில் கலெக்டராகச் சேர்ந்து வருவாய் ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் நான். என்னை உறுத்திக்கொண்டிருப்பது இன்னொரு மறுவரையறை. அதில் டெல்லிக்கு வேலையே இல்லை. வரைவதும் நாம்தான், வாங்கிக்கட்டிக்கொள்வதும் நாம்தான். உள்ளாட்சி வார்டு மறுவரையறையைச் சொல்கிறேன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எம்.பி.யை யாரும் தேடிப் போவதில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால், தெருவிளக்கு எரியாவிட்டால், வரி பெயர்மாற்றம் இழுத்தடித்தால் கவுன்சிலர் வீட்டுத் திண்ணைதான். அந்தக் கவுன்சிலர் இரண்டாயிரம் பேருக்குப் பதில் சொல்கிறாரா, ஆறாயிரம் பேருக்கா என்பதை ஒரு கோடு முடிவுசெய்கிறது. அதை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நன்கு விவரம் தெரிந்தவர்களே தலையைச் சொறிவார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சித் தேர்தலை இப்போதிருக்கும் வார்டுகளிலேயே உரிய நேரத்தில் நடத்த வேண்டும். புதிய மக்கள்தொகைக் கணக்கு வந்த பிறகு, தேர்தல் பரபரப்பு இல்லாத காலத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கோட்டை மாற்றி வரைய வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே கயிற்றில் கட்டியதால்தான் பத்து வருடமாக நம் ஊர்கள் அல்லாடுகின்றன.

கோடு எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஊரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரிப்பார்கள். ஒரு கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போய் முடிக்கக்கூடிய அளவு ஒரு வட்டாரம், ஏறத்தாழ 600 முதல் 800 பேர். 2010இல் வீட்டுப் பட்டியல் எடுத்தபோதும், 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆட்களை எண்ணியபோதும் நான் மேற்பார்வையாளராக இருந்தேன். என்னிடம் இருந்த கணக்கெடுப்பாளர்கள் அத்தனை பேரும் பள்ளி ஆசிரியர்கள். வட்டாரத்தின் படத்தை அவர்கள் கையாலேயே வரைந்து தர வேண்டும். கெட்டிக் கட்டடம் என்றால் சதுரம். குடிசை என்றால் முக்கோணம். ஆள் குடியிருக்காத கடை, கிட்டங்கி போன்றவற்றுக்கு உள்ளே கோடு கோடாக நிழல் போட வேண்டும். ஓர் ஆசிரியை எழுதிய எண்கள் முத்துமுத்தாக இருக்கும். முக்குத் திருப்பத்தில் நின்ற புளியமரத்தைக்கூட இலை தெரியும்படி வரைந்திருந்தார். புளியமரத்துக்குக் கணக்கெடுப்பில் குறியீடு கிடையாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வார்டுக் கோடு பெரும்பாலும் இந்த வட்டாரங்களின் ஓரத்தில்தான் ஓடும். ஏனென்றால் அதற்குக் கீழே நம்பத்தக்க எண் கிடையாது. ஒரு தெருவின் வடக்கு வரிசையில் எத்தனை பேர் என்று எந்த அட்டவணையும் சொல்லாது, வட்டாரத்துக்கு எத்தனை பேர் என்றுதான் சொல்லும். ஆக, சில வட்டாரங்களைச் சேர்த்து ஒட்டினால் ஒரு வார்டு. எந்த வட்டாரத்தை எதோடு ஒட்டுவது என்பதில்தான் அத்தனை அரசியலும் இருக்கிறது.

2017இல் மாநிலத் தேர்தல் ஆணையரைத் தலைவராகக் கொண்டு மறுவரையறை ஆணையம் அமைத்தார்கள். 2011 கணக்கெடுப்புதான் அடிப்படை. எங்கள் அலுவலகத்தில் இரண்டு மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டு, நகரமைப்புப் பிரிவின் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைகளிலும் வரிக் கேட்புப் பதிவேடுகளை வைத்து அழுத்தினோம். ஒருவர் வட்டாரத்தின் எண்ணிக்கையை வாசிப்பார், இன்னொருவர் கால்குலேட்டரில் கூட்டுவார், மூன்றாமவர் கலர் பென்சிலால் தீட்டுவார். சராசரியைத் தாண்டினால் ஒரு வட்டாரத்தைப் பிடுங்கிப் பக்கத்து வார்டில் சேர்ப்போம். அங்கே மிகுந்தால் அதற்கும் அடுத்த வார்டில். வடக்கே நிதானமாகத் தொடங்கிய கை தெற்கே வரும்போது, மீந்ததெல்லாம் கடைசி வார்டின் தலையில் போய் விழும். எங்கள் ஊரின் தெற்குக் கடைசி வார்டைப் படத்தில் பார்த்தால், அது என்ன வடிவம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த மேசையில் பெரிய சதி நடந்தது என்று சொல்லமாட்டேன். சதி செய்யவும் நேரம் வேண்டுமே. மேலிடத்திலிருந்து தினமும் தொலைபேசி, மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். ஆனால் அவசரத்தை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் வராந்தாவில் நிற்பார்கள். "அண்ணே, அந்தப் பிள்ளையார் கோயில் தெருவை மட்டும் இங்கிட்டுத் தள்ளிவிட்டுருங்க, ஒண்ணும் பெரிசா மாறாதுல்ல?" என்பார் ஒருவர். அரை மணி நேரம் கழித்து வேறு கரை வேட்டியில் இன்னொருவர் வந்து அதே தெருவை அங்கிட்டே வைக்கச் சொல்வார். எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, அதில் யாருக்கு எத்தனை என்று அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கோ அப்படியொரு மேசை போட்டிருப்பதே தெரியாது.

இட ஒதுக்கீட்டுக்கு வருவோம். கோட்டின் கூர்மை தெரிவது இங்கேதான். ஓர் ஊரில் பட்டியலினத்தவருக்கு எத்தனை வார்டு என்பது மொத்த மக்கள்தொகையில் அவர்களின் பங்கைப் பொறுத்தது. எந்தெந்த வார்டு என்பதற்கு, வார்டுவாரியாக அவர்களின் விழுக்காட்டை இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஊரின் சராசரி வார்டு 3,000 பேர். ஓர் அம்பேத்கர் நகரில் 1,200 பேர் இருக்கிறார்கள். அந்த நகர் முழுதும் ஒரே வார்டுக்குள் வந்தால் 40 விழுக்காடு, பட்டியலின் உச்சியில் நிற்கும். நடுத்தெரு வழியாகக் கோட்டை இழுத்து 600, 600 என்று பிரித்தால் இரண்டு வார்டுகளிலும் 20 விழுக்காடு. பட்டியலில் எங்கோ நடுவில் போய் மறைந்துவிடும். ஊருக்கான ஒதுக்கீட்டு வார்டுகளின் எண்ணிக்கை குறையாது, வேறு இடத்துக்குப் போகும். ஆனால் இந்த 1,200 பேர் இரண்டு பக்கமும் சிறுபான்மையாகி, இரண்டு கவுன்சிலர்களின் வாசலிலும் "நீங்க அந்த வார்டுல பாருங்க" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

காகிதத்தில் இந்தக் கோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு வார்டுகளிலும் மூவாயிரம் சொச்சம், சமத்துவம் கச்சிதம். தன் வார்டு ஒதுக்கீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று நினைக்கும் ஒருவருக்கு இதைவிடச் சத்தமில்லாத வழி கிடையாது. ஒதுக்கீடு என்பது நம் மண்ணில் எவ்வளவு கனமான விஷயம் என்பதை மதுரைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பட்டியலினத்தவருக்கான தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்ட மேலவளவில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஒதுக்கீட்டை ஏற்க மறுத்து 2006வரை தலைவர் தேர்தலை ஒழுங்காக நடத்தவிடவில்லை. அங்கே அரிவாளும் புறக்கணிப்பும் செய்த வேலையை நகரத்தில் ஒரு கலர் பென்சில் செய்துவிட முடியும், எவர் கண்ணிலும் படாமல். இத்தனைக்கும் 2016இல் பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 விழுக்காடு என்று சட்டம் கொண்டுவந்து நாடே பார்க்க நின்ற மாநிலம் இது. பாதி இடங்கள் பெண்களுக்கு என்பது பெருமைதான். எந்தப் பாதி என்பதும் இந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் ஓட்டுப் போடுகிறவர்களுக்குச் சின்னதாக இருக்காது. எங்கள் ஊரின் கிழக்கே ரயில் பாதை போகிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்த மூன்று தெருக்களை, எண்ணிக்கை சரிக்கட்ட இந்தப் பக்க வார்டோடு சேர்த்தார்கள். வரைபடத்தில் ரயில் பாதை ஒரு மில்லிமீட்டர் அகலம். 2022 பிப்ரவரி 19ஆம் தேதி அந்த மூன்று தெருக்காரர்கள் சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டார்கள். அதற்கு முந்தைய தேர்தல்களில் வீட்டுக்கு எதிரிலிருந்த தொடக்கப் பள்ளிதான் அவர்களுக்கு வாக்குச்சாவடி. அன்றைக்கும் அந்தப் பள்ளியில் சாவடி இருந்தது, வேறு வார்டுக்கு. "ஏய்யா, எதுத்தாப்புல பள்ளிக்கூடம் இருக்கு, நான் எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்?" என்று எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி கேட்டார். வரி வாங்கப் போய்ப் பழகிய வீடு. வார்டு மாறிவிட்டது பாட்டி என்றேன். "என்னைக் கேக்காமயா?" என்றார். அவர் அன்று ஓட்டுப் போடப் போகவில்லை.

வாக்காளர் பட்டியலிலும் இதே குழப்பம்தான். சட்டமன்றத்துக்கான பட்டியல் பாகம் பாகமாக இருக்கும். உள்ளாட்சித் தேர்தலுக்கு அதையே எடுத்து, தெருவாரியாகப் பிரித்து, வார்டுகளில் கொட்டுவார்கள். வார்டுக் கோடு ஒரு பாகத்தின் நடுவே போனால் கதவு எண்ணை வைத்துப் பிரிக்க வேண்டியிருக்கும். நம் ஊர்களில் கதவு எண்ணின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். பழைய எண், புதிய எண், அதற்கும் மேல் 14/3அ. இதனால் கணவர் ஒரு வார்டிலும் மனைவி பக்கத்து வார்டிலும் போய் விழுந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். இந்தியத் தேர்தல் ஆணையம் 2025இல் ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர்கள் என்றிருந்த வரம்பை 1,200 ஆகக் குறைத்து, பாகங்களையே மறுபடி வெட்டி ஒட்டியிருக்கிறது. நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம் என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பட்டியலைப் பிரிக்கப்போகும் ஊழியர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இப்போது காலத்தைப் பார்ப்போம். 2011இல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையை அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. பிறகு மறுவரையறை என்று தொடங்கினார்கள். ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் மறுவரையறையைச் சட்டப்படி முடிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டது. அவற்றுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. எங்களைப் போன்ற நகராட்சிகளில் ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கவுன்சிலரே இல்லை. ஒரு முழுப் பதவிக்காலம் காற்றோடு போனது. மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்தும் தனி அலுவலர் ஆட்சியில் கோப்பு நன்றாகவே நகரும், நானே அதில் வேலை பார்த்தவன்தான். ஆனால் மக்கள் கேட்க ஒரு திண்ணை இருக்காது.

அந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, திரும்பவும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நகர்ப்புற உறுப்பினர்கள் 2022 மார்ச் 2ஆம் தேதி பதவியேற்றவர்கள். அவர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் நிறைகிறது. மத்திய அரசு 2025 ஜூன் 16ஆம் தேதி வெளியிட்ட அறிவிக்கைப்படி, புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து மோதுகின்றன. "இத்தனை நாள் பொறுத்தோம், புதுக் கணக்கு வந்ததும் வார்டைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகத் தேர்தல் வைப்போமே" என்ற குரல் எங்கிருந்தாவது கட்டாயம் எழும். நியாயமாகவும் ஒலிக்கும். அதை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணி முடித்த மறுநாளே எண் கைக்கு வந்துவிடாது. 2011 பிப்ரவரியில் எண்ணினோம். வார்டுவாரியாக இறுதிசெய்த தொகுப்பு 2013 ஏப்ரல் இறுதியில்தான் வெளிவந்தது. இம்முறை கைபேசிச் செயலியில் பதிவுசெய்கிறார்கள், சீக்கிரம் வரும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வரைவு, ஆட்சேபனை, விசாரணை, இறுதி ஆணை, ஒதுக்கீட்டு அரசாணை, அதை எதிர்த்து வழக்கு. தேர்தல் இதற்கெல்லாம் காத்திருந்தால் இன்னொரு 2016 தொடங்கிவிட்டது என்று பொருள்.

சட்டமும் காத்திருக்கச் சொல்லவில்லை. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஐந்தாண்டுதான் ஆயுள், அது முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243இ, 243யு பிரிவுகள் சொல்கின்றன. அகமதாபாத் மாநகராட்சித் தேர்தல் தள்ளிப்போன கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. மத்தியப் பிரதேச உள்ளாட்சிகள் தொடர்பான சுரேஷ் மகாஜன் வழக்கில், மறுவரையறை நடந்துகொண்டிருப்பதைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று 2022 மே மாதம் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. கணக்கெடுப்புக்காக மாவட்டம், வட்டம், ஊராட்சி, நகராட்சி எல்லைகளை 2025 டிசம்பர் 31க்குப் பிறகு தொடக் கூடாது என்று பூட்டும் போட்டிருக்கிறார்கள். பூட்டிய காலத்தில் இருக்கிற எல்லையிலேயே தேர்தலை நடத்துவதுதானே முறை?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். பழைய வார்டு என்றால் 2011 எண்ணிக்கைதானே, அது நியாயமா? நியாயமில்லைதான். எங்கள் ஊரில் அப்போது வயலாக இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன, நடுவூரில் தெருவுக்கு நான்கு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சென்னையைப் பாருங்கள். 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சியை 426 ஆக விரித்து, 155 வார்டுகளை 200 ஆக்கினார்கள். பழைய நகருக்கு 107, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய நகரின் மக்கள்தொகை 46 லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் வார்டுக்கு 43 ஆயிரம். சேர்ந்த பகுதிகளில் சுமார் 20 லட்சம் பேர், வார்டுக்கு 22 ஆயிரம்கூடத் தேறாது. தியாகராய நகர்க்காரரின் ஓட்டுக்கு அம்பத்தூர்க்காரரின் ஓட்டில் பாதி எடைதான். இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். ஆனால் பாதி எடையாவது உள்ள ஓட்டை, ஐந்து வருடம் ஓட்டே இல்லாத நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு விலக்கு உண்டு. திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சிகளாயின. அக்கம்பக்கத்து ஊராட்சிகளை நகரத்தோடு இணைத்த இடங்களில் வார்டை மாற்றாமல் முடியாது. நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் போராடியதையும் பார்த்தோம். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இணைந்த பகுதிகளுக்கு மட்டும் வார்டு ஒதுக்கிவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விடலாம்.

மறுவரையறையை எப்போது செய்வது? 2027 கணக்கு கைக்கு வந்த பிறகு, புதிய மன்றங்கள் பாதிக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது. தேர்தல் இரண்டு மூன்று வருடம் தள்ளி நிற்கும். யாருக்கு எந்த வார்டில் சீட்டு என்று கட்சிக்காரர்களுக்கே தெரியாத காலம் அது. கோடு போடுவதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. வராந்தாவில் கூட்டம் குறைவாக இருக்கும்.

அப்போதும் மூடிய அறையில் செய்தால் பயனில்லை. வரைவை எப்படி வெளியிடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் நான்கெல்லை எழுதிய தாள் தொங்கும். வடக்கே இன்ன தெரு, கிழக்கே இன்ன வாய்க்கால். கூடவே ஒரு மொத்த எண்ணிக்கை. அந்த எண் எந்தெந்த வட்டாரங்களைக் கூட்டி வந்தது என்று இருக்காது. அது இல்லாமல் யாராலும் மாற்று யோசனை சொல்ல முடியாது. "எங்கள் தெருவை அந்த வார்டில் சேர்க்கவும்" என்று மனு கொடுத்தால், "மக்கள்தொகைச் சமநிலை பாதிக்கும்" என்று ஒரே வரியில் பதில் வரும். பாதிக்குமா என்று சரிபார்க்க மனுதாரரின் கையில் ஒன்றும் இருக்காது. இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றக் கதவும் ஏறக்குறைய மூடியதுதான். மறுவரையறைச் சட்டங்கள் செல்லுமா என்பதை நீதிமன்றத்தில் கேட்கக் கூடாது என்று 243ஓ, 243இசட்ஜி பிரிவுகளே தடை போட்டிருக்கின்றன. ஆக, ஆட்சேபனைக்குக் கொடுக்கும் அந்தச் சில நாட்கள்தான் குடிமக்களுக்கு இருக்கும் ஒரே வாசல்.

எனவே வரைவோடு வட்டாரவாரியான எண்ணிக்கையையும் வட்டார எல்லை தெரியும் வரைபடத்தையும் வெளியிட வேண்டும். தனிமனிதர் விவரம் வெளியே போய்விடும் என்று யாரும் பயமுறுத்த வேண்டாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொருவரும் கொடுத்த விவரத்துக்குத் திரை போட்டிருக்கிறது. 700 பேரின் கூட்டுத்தொகையில் யாருடைய ரகசியமும் இல்லை. கேரளத்தில் 2024 நவம்பரில் வரைவை டிஜிட்டல் வரைபடத்தோடு வெளியிட்டு, மாவட்டம் மாவட்டமாக உட்கார்ந்து ஆட்சேபனை கேட்டார்கள். வார்டுகள் 21,900இலிருந்து 23,612 ஆயின. 2025 டிசம்பரில் தேர்தலும் நடந்துவிட்டது. அங்கேயும் சண்டை சச்சரவு, வழக்கு எல்லாம் இருந்தன. ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்று தெரிந்து போட்டார்கள். ஒரு கட்சி வரைபடத்தைக் காட்டி, இன்னொரு கட்சி அதே வரைபடத்தைக் காட்டி.

நம்மிடமும் இடம் இல்லாமல் இல்லை. ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. நகரங்களில் பகுதி சபைகளுக்கு 2022இல் விதி வகுத்து, அந்த நவம்பர் 1ஆம் தேதி முதலமைச்சரே பம்மலில் ஒரு பகுதி சபையில் போய் உட்கார்ந்தார். வரைவை அந்தச் சபைகளில் வாசித்து, ஆட்சேபனையைத் தீர்மானமாகவே பதிவுசெய்து, ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லலாம். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, மறுவரையறை ஆணையத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். ஒரே குடியிருப்பை இரண்டாக வெட்டும் ஒவ்வொரு கோட்டுக்கும் தனியாகக் காரணம் எழுத வேண்டும் என்ற ஒரு வரியையும் அதில் சேர்த்துவிட்டால், அம்பேத்கர் நகர்க் கணக்கை யாரும் சத்தமில்லாமல் போட முடியாது.

வரைவு என்றைக்கு வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நான்கெல்லையில் உங்கள் தெருவின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோடு உங்கள் வாசலில் போகிறது, எதிர்வரிசை வீடுகள் வேறு வார்டு. ரயில் பாதை, ஆறு, நான்குவழிச் சாலை ஏதாவது வார்டின் நடுவே ஓடுகிறதா என்று பாருங்கள். சாவடி எந்தப் பள்ளியில் வரும் என்று இப்போதே கேளுங்கள். ஆட்சேபனையைத் தபாலில் அனுப்பாதீர்கள். இரண்டு படி எழுதி நேரில் கொண்டுபோய், ஒன்றில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தபால் பிரிவுக்குப் பக்கத்து மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.